நான்கு நிமிடத்தில் திறக்கும் வால்வு

எங்கள் அணுமின் நிலையத்தில் மாதத்துக்கு நான்கு முறை உலை உருகப் பார்க்கும். செவ்வாய்க்கிழமைகளில், காலை டீ முடிந்த பிறகு. பயப்படாதீர்கள், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அதற்கென்றே விபத்துக் கணிப்புப் பிரிவு என்று ஒரு தனிக் கட்டடம் இருக்கிறது. மின்சாரம் போனால் என்ன ஆகும், டீசல் ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் என்ன ஆகும், பம்புகள் நின்று உலைக்குள் தண்ணீர் வற்றினால் எந்த நிமிஷத்தில் எரிபொருள் உருகும் என்று ஏழு பேர் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார்கள். நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். பதினான்கு வருஷமாக எழுதுகிறேன். ஒருவர் கத்தினால் 'கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதுவேன். மேஜையைத் தட்டிக் கத்தினால் 'விரிவாகக் கருத்துத் தெரிவித்தார்'.

இத்தனை வருஷத்தில் உலை ஒரு தடவைகூட முழுசாக உருகியதில்லை. உருகப் போகிற நேரத்தில் நின்றுவிடும். காரணம் இதுதான்: அறுபதாவது நிமிஷம் ஒருத்தர் கிளம்பிப் போய், துணைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள ஒரு வால்வைக் கையால் சுற்றித் திறப்பார். வெளியே நிற்கும் தீயணைப்பு வண்டியின் தண்ணீர் அந்த வழியாக உலைக்குள் பாயும். உலை குளிரும். நாங்கள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்த ஒருத்தர் யார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆயிரமாவது விபத்து முடிந்தபோதுதான் எங்கள் பிரிவுத் தலைவருக்கு, அவரைக் கூப்பிட்டுக் கௌரவிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது.

தேடிப் பார்த்தால் அவர் எங்கள் பஸ்ஸில் வருகிற பிட்டர், குழாயும் வால்வும் பழுது பார்க்கிறவர். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. விழா அன்று ஒரு பூங்கொத்து, கண்ணாடி போட்ட சான்றிதழ், இரண்டு வகை பிஸ்கட். மனுஷர் கிரீஸ் கறை போகாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூங்கொத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார்.

தலைவர் பேசினார். "இந்தப் பிரிவு ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷத்துல ஆயிரம் விபத்து பாத்துட்டோம். ஒண்ணுலகூட ஒரு உயிர் போகல. நிஜமா விபத்து நடத்தினவங்க யாராவது இப்படி ஒரு சாதனையைக் காட்ட முடியுமா? முடியாது. ஏன்னா அவங்ககிட்ட திட்டமிடல் கிடையாது. நம்ம விபத்துங்க எல்லாத்துலயும் நம்மளைக் காப்பாத்தினவர் இதோ இவர்தான். அறுபதாவது நிமிஷம் கிளம்புவார், அறுபத்தி நாலாவது நிமிஷம் திறந்துடுவார். ஒரு விநாடி முன்ன பின்ன ஆனதில்ல. ஒரு நாள் லீவு கேட்டதில்ல. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல."

பிட்டரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளியே நின்றார். "எல்லாருக்கும் வணக்கம். எந்த வால்வுங்க அது?"

தலைவர் எண்ணைச் சொன்னார்.

"அது திறக்காதுங்களே."

அவர் பேசி முடித்ததும் கைதட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மாலை ஐந்தரை பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மடியில் சான்றிதழ் இருந்தது. "தம்பி, நான் யாரைக் காப்பாத்தினேன்? அந்த வால்வு பதினோரு வருஷமா இறுகிக் கெடக்கு. வருஷா வருஷம் பதிவேட்டுல எழுதுறேன். ஒரு தடவை பைப்பைக் குடுத்து நெம்பினேன். முக்கா மணி நேரத்துல ஒரு விரக்கடை நகந்துச்சு. திரும்ப இறுகிடுச்சு. நிஜமாவே ஒண்ணு நடந்தா என்னைத்தான் அனுப்புவாங்களா?"

"ஆமாண்ணே. நடைமுறைப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"நான் ரிடையர் ஆனப்புறம்?"

"உங்க இடத்துக்கு வர்றவரை அனுப்புவாங்க."

அவர் முன் சீட்டைப் பார்த்தார். அங்கே அவர் மருமகன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிட்டரின் இடத்துக்கு வரப்போகிறவர் அவர்தான். ஒரே மகளின் கணவர். பேத்திக்கு இரண்டு வயது. இறங்கும்போது பிட்டர், "அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள இதைச் சரி பண்ணிட்டுத்தான் போவேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே எங்கள் பிரிவுக்கு வந்து நின்றார். வால்வு திறக்காது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. தலைப்பு, 'மாதிரியிலிருந்து நிஜம் விலகியமை குறித்த அறிக்கை'. நிஜம் எந்தத் தேதியிலிருந்து விலகியிருக்கிறது, விலகியதற்கு நிஜம் தரும் விளக்கம் என்ன, நிஜத்தைத் திருத்திக்கொள்ள எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று மூன்று கேள்விகள். பிட்டர் முதல் கேள்விக்குப் பதினோரு வருஷம் என்று எழுதினார். இரண்டாவதற்குத் துரு என்று எழுதினார். மூன்றாவதற்கு, மூன்று நாள், புது வால்வு கொடுத்தால் நானே மாட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் கழித்துக் குழு கூடியது. பிட்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் படிவத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நிஜத்துல நிறைய குறை இருக்குங்க. நாங்க அதை மறுக்கல. அதனாலதானே மாதிரின்னு ஒண்ணு வச்சிருக்கோம்? இப்ப இந்த நாலு நிமிஷம்ங்கறது சும்மா எங்க வாய்ல வந்த நேரம் இல்ல. நிபுணர் கருத்து. ஆதாரம் இருக்கு."

"யாருங்க அந்த நிபுணர்?" என்றார் பிட்டர்.

தலைவர் கோப்பைப் புரட்டி வாசித்தார். "பிட்டர், நேரில் சொன்னது."

பிட்டருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டறைக்கு வெளியே, கையில் நோட்டுப் புத்தகத்தோடு யாரோ ஒருத்தர், இந்த மாதிரி வால்வைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பிட்டர் அப்போதுதான் ஒரு புது வால்வை மேஜைமேல் வைத்து எண்ணெய் போட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் என்று சொன்னார்.

"அது நான்தாங்க!" என்றார். "நானே சொல்றேன், அது தப்புங்க. அது மேஜைமேல இருந்த புது வால்வு."

"அப்படி எடுத்தோம் கவுத்தோம்னு ஒரு நிபுணரை மறுக்க முடியாது" என்றார் தலைவர். "அன்னைக்குச் சொன்னவர் எந்தப் பயமும் இல்லாம, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். இன்னைக்கு நீங்க சொல்றதுல உங்க உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. உங்க மருமகன் உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. நீங்க நடுநிலையா பேசறீங்கன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

"சார், அப்ப வால்வை மாத்திடுங்க. வம்பே இல்ல."

"மாத்தணும்னா உலையை நிறுத்தணும். நிறுத்தணும்னா காரணம் எழுதணும். வால்வு திறக்காதுன்னு எழுதினா, அது திறந்ததா காட்டின ஆயிரம் விபத்தும் என்ன ஆகும்? இந்த நிலையத்தோட உரிமமே அந்த ஆயிரத்து மேலதான் நிக்குது. ஒரு வால்வுக்காக ஆயிரம் விபத்தை இழக்கச் சொல்றீங்களா?"

"ஒரு தடவை வந்து சுத்தியாவது பாருங்க சார்!"

"சுத்திப் பாத்து, திறக்கலைன்னா?" என்றார் தலைவர், ஒரு குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு. "அப்புறம் எங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

பிட்டர் மேஜையைத் தட்டினார். கோப்பின்மேல் அவருடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. 'பிட்டர் விரிவாகக் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதினேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவரை எங்கள் கணிப்பாளர் அம்மா தன் மேஜைக்குக் கூட்டிப்போனார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். விபத்துகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவர் அவர்தான். இந்த விஷயத்தில் பிட்டரை உட்காரச் சொன்ன முதல் ஆளும் அவர்தான். கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிக் கொடுக்கிற கோப்பைத் திறந்து காட்டினார். ஒன்பதாயிரம் வரி. ஒவ்வொரு குழாய்க்கும் பன்னிரண்டு வரி இருந்தது. நீளம், அகலம், கனம், உள்பக்கச் சொரசொரப்பு வரைக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி, 'பணியாளர் 1. தொடக்கம் 3600. முடிவு 3840.'

"விநாடிக் கணக்கு அண்ணா. இதுதான் நீங்க."

பிட்டர் திரையில் தன்னைக் குனிந்து பார்த்தார். "மேல நட்சத்திரம் போட்டு என்னமோ எழுதியிருக்கே?"

"அது ஆதாரம். நீங்க நேர்ல சொன்னதுன்னு எழுதியிருக்கு. முன்னால நட்சத்திரம் போட்டா அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. தாண்டிப் போயிடும். மனுஷங்களுக்காக எழுதி வைக்கறது."

"மனுஷங்க படிப்பாங்களா?"

"இத்தனை வருஷத்துல கேட்டது நீங்கதான்."

"சரிம்மா. 3840-க்கு அப்புறம் நான் என்ன பண்றேன்?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "உங்க வரி அதோட முடிஞ்சுடுது அண்ணா. தண்ணி போகுதான்னுதான் இது பாக்கும்."

"நான் திரும்பி வர்றேனா?"

"அதை இது கேக்கறதில்ல."

"குழாய்க்குள்ள சொரசொரப்பு எவ்வளவுன்னு கேக்குது. உள்ள போனவன் வெளியே வந்தானான்னு ஒரு வரி போடக் கூடாதா?"

"ஒரு தடவை தனியா போட்டுப் பாத்தேன்" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "நாலு நிமிஷத்துல திறந்தா நடந்து வந்துடலாம். பத்து நிமிஷம்னா ஓடி வரணும். பதிவேட்டுல நீங்க எழுதின முக்கா மணி நேரத்தையும் போட்டேன் அண்ணா. உலை உருகிடுச்சு. கீழ்த்தளத்துல…" அவர் கண்ணாடியைத் திரும்ப நெற்றியில் ஏற்றினார். "முடிவு ஏத்துக்கற மாதிரி இல்லைன்னு அந்த ஓட்டத்தை அழிக்கச் சொன்னாங்க. அழிச்சுட்டேன்."

பிட்டர் எழுந்திருக்க நேரம் ஆயிற்று. நான் பக்கத்து மேஜையில் காகிதங்களை அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் அடுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

அவர் விடவில்லை. வாரம் ஒரு மனு போட்டார். எங்கள் தலைவரும் சும்மா இல்லை, தீர்வு கண்டுபிடித்தார். ஒரு விரக்கடை நகர்ந்ததையே திறந்ததாக எடுத்துக்கொண்டால், ஒருத்தர் நாற்பத்தைந்து நிமிஷத்தில் திறக்கிற வால்வைப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் மூன்றே முக்கால் நிமிஷத்தில் திறந்துவிடலாம். பதினைந்து விநாடி மிச்சம். அந்தக் குழிக்குள் ஒரு ஆளே குந்தித்தான் உட்கார முடியும் என்று பிட்டர் சொன்னார். அறையின் அளவைக் கம்ப்யூட்டர் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று பதில் வந்தது. ஆனால் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு ஆதாரம் வேண்டும் என்று சிக்கல் எழுந்ததால், ஒரே ஆளாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'பலம்: 12' என்று சேர்த்தார்கள். நிஜத்தை மாதிரிக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் நடவடிக்கையாகப் பிட்டரைத் தினமும் காலையில் அரை மணி நேரம் எடை தூக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஐம்பத்தொன்பது வயது மனுஷர் நிலையத்து உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பார்.

நான்காவது மாதம் மேலிடத்துப் பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்களுக்காக ஒரு முழு ஒத்திகை. வால்வைக்கூட நிஜமாகவே சுற்றிக் காட்டலாம் என்று அனுமதி வந்தது. பிட்டருக்கு ஒரே சந்தோஷம். இன்றைக்கு எல்லோரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள், அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார். காலையில் பஸ்ஸில் மருமகன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3600-வது விநாடி அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். 3840-வது விநாடி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. 'வால்வு திறக்கப்பட்டது. உலை பாதுகாப்பாக உள்ளது.' பார்வையாளர்கள் கைதட்டினார்கள். தலைவர் கைகுலுக்கினார். 3912-ல் என் தொலைபேசி அடித்தது.

"தம்பி, இன்னும் நகரல." மூச்சு வாங்கியது. "வெளியே கதவையும் பூட்டிட்டாங்க போலிருக்கு."

3900-ல் கீழ்த்தளத்தை மூடி முத்திரை வைக்க வேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. காவலர் ஒரு விநாடி தவறாமல் மூடியிருந்தார். நான் ஓடிப் போய்த் தலைவரிடம் சொன்னேன்.

"யார் பேசறது?" என்றார், சிரித்த முகம் மாறாமல்.

"பிட்டர் சார். கீழ இருக்கார்."

"3840 தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு சார்."

"அப்ப அவர் அங்க இல்ல."

"சார், போன்ல பேசறாரு சார்."

"வந்தவங்க முன்னாடி குழப்பாதீங்க. பட்டியலைப் பாருங்க."

எந்த நேரத்தில் எங்கே எத்தனை பேர் என்ற ஒத்திகைப் பட்டியலைப் பார்த்தேன். 3840-க்குப் பிறகு கீழ்த்தளத்தில் உள்ளவர்கள், பூஜ்யம். காவலரைக் கூப்பிட்டேன். உள்ளே ஆள் இருப்பதாகப் பட்டியல் சொன்னால்தான் முத்திரையை உடைக்க முடியும் என்றார். பட்டியலைத் திருத்தத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் பார்வையாளர்களோடு விருந்துக்குப் போய்விட்டார்.

நான் ஓடியிருக்கலாம். அந்தக் கதவு இருநூறு அடி தூரம்தான். ஓடவில்லை. தொலைபேசியை எடுத்து, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, சொல்லியிருக்கேன்" என்றேன். குறிப்பில், '3912. கீழ்த்தளத்திலிருந்து கருத்துத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். அதை எழுதிய கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மருமகன்தான் வந்தார். சாப்பாட்டு அறையில் மாமனாரின் டப்பா திறக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்னதும் சுத்தியலோடு ஓடிப் போய் முத்திரையை உடைத்தார். அவர் பின்னால்தான் நான் ஓடினேன்.

பிட்டர் குழிக்குள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. சக்கரம் நின்ற இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், யாராவது வந்தால் காட்டுவதற்காக. சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை.

"மாமா, எந்திரிங்க. வாங்க போலாம்" என்று மருமகன் அவரைத் தூக்கினார்.

பிட்டர் என்னைப் பார்த்தார். "உள்ள இருட்டா இருந்துச்சு தம்பி. போன்ல உன் குரல் கேட்டுச்சா, அதான் கொஞ்சம் தைரியமா இருந்துச்சு." அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முத்திரையை உடைத்ததற்கு மருமகனுக்கு மெமோ வந்தது. ஒத்திகை அறிக்கையில், நான்கு நிமிஷம் என்பது நேரடிச் செய்முறையிலும் உறுதியானதாக எழுதப்பட்டது. ஆதாரத்தில் இப்போது இரண்டு பேர் ஆனார்கள். அன்றைய பிட்டர் சொன்னது, இன்றைய பிட்டர் செய்து காட்டியது. அதற்குப் பிறகு அவர் மனு எதுவும் போடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் மருமகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். பணியாளர் 1 மாறுவதற்கு மருமகன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனார். பிட்டர் மட்டும் கணிப்பாளர் அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரே ஒரு வரி போட்டுக் குடுங்க. திரும்பி வந்தான்னு."

"அண்ணா, அதைப் போட்டா ஓட்டமே நின்னுடும். உங்களுக்குத் தெரியாததா?"

"கம்ப்யூட்டர் படிக்காத மாதிரி போடுங்க."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, 3840-க்குக் கீழே ஒரு நட்சத்திரம் போட்டார். 'பணியாளர் 1 வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்' என்று எழுதினார்.

பிட்டர் திரைக்கு அருகே குனிந்து எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார். "எதுல திரும்பினான்னும் போட்டுடுங்கம்மா. அஞ்சரை பஸ்."

அதையும் போட்டார். இன்னொரு தடவை வாசித்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு அவர் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, டீ முடிந்த பிறகு, மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பம்புகள் நின்றன. அறுபதாவது நிமிஷம் மருமகன் கிளம்பினார், அறுபத்தி நாலாவது நிமிஷம் திறந்தார். கம்ப்யூட்டர் அந்த நட்சத்திர வரியைத் தாண்டிப் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தைப் பார்த்தேன். மருமகன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் தினமும் அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் என் இடத்தில் உட்காருகிறேன். அதைத் தவிர இந்த விஷயத்தில் நான் வேறு எதுவும் செய்யவில்லை.